கொடை வேண்டாம், கணக்கு வேண்டும்!

பெருங்கம்பனிகள் ஒரு நாட்டின் மண்ணையும் கடலையும் துளைக்க வரும்போது முதலில் துளைகருவியோடு வருவதில்லை. கொப்பியும் பென்சிலும் கொண்டு வருகின்றன. கண் பரிசோதனை முகாமும், மூக்குக் கண்ணாடியும், பாடசாலைக்கு ஒரு நீர்த்தொட்டியும், விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடையும் கொண்டு வருகின்றன. கோயில் திருவிழா அன்னதானத்துக்கு அரிசி மூடைகளை இறக்குகின்றன. ஊர்ப் பெரியோர் மாலை சூட்டுகின்றனர், படம் பிடிக்கப்படுகிறது, பத்திரிகையில் வெளியாகிறது. துளைகருவி பின்னால் வருகிறது. அது வந்து சேரும் வேளையில், கேள்வி கேட்க வேண்டிய வாய் நன்றி சொல்லிப் பழகிவிட்டிருக்கும்.

இந்த வித்தைக்குச் ‘சமூக ஈடுபாடு’ என்றும், ‘மக்கள் தொடர்புப் பணி’ என்றும் இக்காலத்தில் அழகிய பெயர்கள் உண்டு. எண்ணெய்க் கம்பனிகளும் இயற்கை வாயுக் கம்பனிகளும் இதிற் கைதேர்ந்தவை. கொடுப்பது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. கொடுத்து அதன் விலையாக மௌனத்தை வாங்குவதே குற்றம் என்கிறோம். கொடை ஒருவருடைய விருப்பம், உரிமை அத்தகையதன்று. கொடையை நிறுத்தினால் வழக்குத் தொடர முடியாது. உரிமையை மறுத்தால் வழக்குத் தொடரலாம். இந்த வேறுபாட்டை நம் மக்கள் மறந்துபோக வேண்டும் என்பதே அந்த மாலை மரியாதைகளின் உட்கருத்து.

நமக்கென்ன என்பார்க்கு

“பெரியகல்லாற்றில் எரிவாயுக் கிணறு எங்கே இருக்கிறது? இல்லாத பேய்க்கு ஏன் அஞ்ச வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். கிணறு இல்லைதான். ஆனால் கடல் வரைபடத்தில் கோடு கீறப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கடலை ஜே.எஸ். 5, ஜே.எஸ். 6 என இரு பெரும் பகுதிகளாக வகுத்து, அவற்றை ஆராய்வதற்கு 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துடன் அரசு உடன்படிக்கை செய்தது. பின்னர் நோர்வேயின் எக்கினோர் நிறுவனமும் அதிற் சேர்ந்தது. நம் தோணிகள் செல்லும் கடலுக்கு இலக்கம் இடப்பட்ட செய்தி நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? கடற்றொழிலாளர் சங்கங்களில் எத்தனை சங்கங்கள் அதைக் கூடிப் பேசின?

மன்னார்க் கடலின் கதை இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 2008இல் கெயர்ன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2011இல் டொராடோ, பரகூடா என்று பெயரிடப்பட்ட இரு கிணறுகளில் இயற்கை வாயு இருப்பது கண்டறியப்பட்டது. 2015இல் அந்நிறுவனம் அப்பகுதியைக் கையளித்து விட்டுச் சென்றது. வாயு இன்னும் கடலடியிலேயே கிடக்கிறது. 2021இல் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளச் சட்டம் புதிதாக நிறைவேற்றப்பட்டது. வாயு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கடலுக்கு இலக்கம் இருக்கிறது. கம்பனி ஒன்று வந்து சேருவதே மிச்சம். கேள்வி கேட்பதற்கு இதுவே காலம். வேளாண்மை வெட்டிச் சூடு மிதித்து முடிந்த பின்பு பங்கு பேசுவாரில்லை. போடியாரும் முல்லைக்காரனும் விதைப்புக்கு முன்னரே பேசி முடித்துக் கொள்வர். அந்த அறிவு நம் மண்ணுக்குப் புதியதன்று.

நாம் எதை வைத்துக்கொண்டு வாழ்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிழக்கே கடல்; மேற்கே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி; இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பட்டி. அதன்மேல் எழுவான்கரை ஊர்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்கள். வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு. ஒன்று வடக்கே பாலமீன்மடுவில், மற்றையது நமது கல்லாற்றில். மாரியில் இந்த முகத்துவாரத்தை எந்நாளில் வெட்டுவது என்பதில் விவசாயிக்கு ஒரு நியாயம் உண்டு. கடற்றொழிலாளிக்கு வேறொரு நியாயம் உண்டு. நேரத்துக்கு வெட்டாவிட்டால் வயல் மூழ்கும். நேரந்தவறி வெட்டினால் இறாலும் மீனும் போகும். ஒரு மண்மேட்டை வெட்டுவதற்கே இத்தனை பேரின் வாழ்வு தராசிலே நிற்கிறது. குழாய் இழுக்கவும், கரையில் தளம் அமைக்கவும் எவரேனும் வருவாராயின், அவர் கால் வைக்க வேண்டியது இந்த ஒடுங்கிய மணற்பட்டியின் மீதே. அதன் அடியிலேதான் நம் கிணறுகளின் நன்னீரும் இருக்கிறது.

கடலிலே நடப்பது கரைக்கு எட்டாது என்று ஆறுதல் கூறுவோர்க்கு 2020 செப்டெம்பர் 3ஆம் திகதியை நினைவூட்டுகிறோம். ஏறக்குறைய 2,70,000 தொன் மசகு எண்ணெய் ஏற்றிச் சென்ற ‘நியூ டயமண்ட்’ கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் நம் கிழக்குக் கடலிலேயே தீப்பற்றி எரிந்தது. கப்பற் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். எண்ணெய்த் தாங்கிகள் வெடியாமல் தப்பியது நம் நல்லூழ். நல்லூழை நம்பித் தொழில் செய்ய இயலுமா?

காவிரிக் கரையிற் கண்டது

நமக்கு நேர்ந்திராத ஒன்றை நமக்கு முன்னரே அனுபவித்தவர் காவிரிப் படுகைத் தமிழர். 2010இல் மன்னார்குடியை நடுவாகக் கொண்ட ஏறக்குறைய 690 சதுர கிலோமீற்றர் நிலப்பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க, ‘கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி’ என்னும் கம்பனிக்கு இந்திய அரசு உரிமை வழங்கியது. நிலக்கரிப் படுகையிலுள்ள வாயுவை விடுவிக்க வேண்டுமாயின் முதலில் அங்குள்ள நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். நெற்களஞ்சியத்தின் அடிநீரை உறிஞ்சி எடுப்பது என்பது இதன் பொருள். இதை ஊர் ஊராகச் சென்று எடுத்துரைத்தவர் கம்பனியின் மக்கள் தொடர்பு அதிகாரியல்லர். இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார். அந்தப் பயணத்தின் நடுவிலேயே 2013 டிசெம்பர் 30இல் அவர் உயிர் நீத்தார். உண்மையை மக்களுக்கு உரைக்கும் கடமையைக் கம்பனி செய்யவில்லை. எழுபத்தைந்து வயது முதியவர் செய்தார். 2013இல் இடைநிறுத்தப்பட்ட அத்திட்டத்தை 2015இல் தமிழக அரசு முற்றாக மறுத்தது.

2017 பெப்ரவரியில் நெடுவாசலில் மக்கள் திரண்டனர். அதே ஆண்டு யூன் 30ஆம் திகதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயல் பாழாயிற்று, கேட்ட மக்கள் மீது தடியடி நடந்தது, பலர் சிறைப்பட்டனர். அக்குழாயின் உடைமையாளரான ஓ.என்.ஜி.சி. நிறுவனம், இந்தியாவில் சமூகப்பணிக்குப் பெருந்தொகை செலவிடும் பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்று என்பதை மறவாதீர்கள். பாடசாலைக் கட்டிடமும் மருத்துவ முகாமும் ஒரு கையில். தடியடி மறு கையில். குழாய் கசிந்த நாளில் எந்தக் கை முந்தியது என்பதைக் கதிராமங்கலம் கண்டது.

இந்தியச் சட்டத்தின் வினோதம் ஒன்றையும் நம் வாசகர் அறிய வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம், பெரிய கம்பனிகள் முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என விதித்தது. நல்லது. ஆனால் 2020 சனவரி 16ஆம் திகதி அதே நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சு வெளியிட்ட அறிவித்தல் என்ன செய்தது? எண்ணெய், எரிவாயு தேடும் பணிக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று விலக்களித்தது. கொடுப்பது கட்டாயம், கேட்பது கட்டாயமில்லை! மக்களுக்கு நூற்றுக்கு இரண்டு கிடைக்கும். அவர்களுடைய வாய்க்குப் பூட்டும் கிடைக்கும். கருத்துக்கேட்பு மண்டபத்தை மூடிவிட்டு அதன் வாயிலில் நீர்மோர்ப் பந்தல் போடுவதற்கு வேறு பெயர் உண்டா? காவிரி விவசாயிகள் வாளாவிருக்கவில்லை. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. இதைச் சாதித்தது எந்தக் கம்பனியின் கொடையுமன்று. வயலில் அமர்ந்த மக்களின் உறுதி.

அசாமில் நிகழ்ந்தது இன்னும் கொடிது; வாவிக் கரையில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமானது. மாகுரி மோட்டாபுங் என்னும் பெரிய நீர்நிலைக்கு அருகே பாக்ஜான் என்னும் ஊரில் ‘ஒயில் இந்தியா’ நிறுவனத்தின் எரிவாயுக் கிணறு 2020 மே 27ஆம் திகதி கட்டுமீறிப் பீறிட்டது. யூன் 9ஆம் திகதி தீப்பற்றியது. தீயணைக்கச் சென்ற இருவர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டு முகாம்களில் ஒதுங்கினர். கிணறு முற்றாக அடக்கப்பட்டது நவம்பர் 15ஆம் திகதி. ஐந்து மாதத்துக்கு மேல் எரிந்த அந்தத் தீயில் மீன்பிடித்தவர் வாழ்வும் நீர்நிலையின் உயிர்களும் வெந்தன. அந்த நிறுவனமும் பாடசாலைகளுக்கு உதவிய நிறுவனமே. இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி அளித்த நிறுவனமே. பயிற்சிச் சான்றிதழைக் காட்டித் தீயை அணைக்க முடியவில்லை.

செல்வ நாட்டிலும் இதே கதை

“இவை ஏழை நாடுகளின் சீர்கேடு, ஐரோப்பியக் கம்பனிகள் அப்படியல்ல” என்று கூறும் கல்விமான்களும் நம்மிடையே உளர். அவர்களை ஒல்லாந்துக்கு அழைக்கிறோம். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர்கள் ஒல்லாந்தர். அவர்தம் நாட்டின் குரோனிங்கன் மாகாணத்தில் 1959இல் மாபெரும் இயற்கை வாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. நாடு செழித்தது. படுகையிலிருந்து வாயு குறையக் குறைய அதன் மேலிருந்த நிலம் நடுங்கத் தொடங்கிற்று. 2012 ஓகஸ்ட் 16ஆம் திகதி 3.6 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. மக்கள் ஆண்டுக்கணக்கில் இழப்பீடு கேட்டு அலைந்தனர். 2023 பெப்ரவரியில் அந்நாட்டுப் பாராளுமன்ற விசாரணைக் குழு, குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டதென்று தீர்ப்புரைத்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வாயு எடுத்தல் நிறுத்தப்பட்டது. கல்வியும் செல்வமும் நீதிமன்றமும் தம் சொந்த மொழியில் ஆட்சியும் உள்ள மக்களுக்கே அறுபது ஆண்டுக்குப் பின்னர்தான் நீதி தலைகாட்டியது. நம் நிலை யாதாகும்?

நம் நாட்டிலேயே சான்று இல்லாமலில்லை. சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணற்று நீரிற் கலந்தது. மக்கள் தண்ணீருக்கு வாளியுடன் நின்றனர். உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரிலில் நொதேர்ன் பவர் நிறுவனத்துக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. இழப்பீட்டை வாங்கித் தந்தது வழக்கு, கொடையன்று. அந்த வழக்குக்குச் சான்றாய் நின்றவை கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கைகள். அத்தகைய அறிக்கை, கேடு வருவதற்கு முன்னரே ஊரின் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் பாடம்.

அபிவிருத்திக்கு எதிரிகளா நாம்?

இவ்வாறு பேசுவோரை ‘அபிவிருத்தியின் எதிரிகள்’ என்று முத்திரை குத்துவது வழக்கம். 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் நாம். உழவு இயந்திரத்துக்கு டீசல் இன்றி வயல் கிடந்ததை நாம் கண்டோம். மண்ணெண்ணெய் இன்றித் தோணி கரையேறியதையும் கண்டோம். நாட்டின் கடலடியில் எரிபொருள் இருப்பின் அதை ஆராய வேண்டாம் என்று சொல்லும் மூடர் அல்லர் நாம். நாம் கேட்பது வேறு. எடுப்பது யார்? பங்கு யாருக்கு? கெட்டால் பொறுப்பு யார் தலையில்? இவற்றுக்கு விடை எழுத்தில் எங்கே? இக்கேள்விகளுக்கு விடை அளிக்க இயலாத அபிவிருத்திக்குத்தான் கொப்பி வழங்கும் விழா தேவைப்படுகிறது.

“வேலை வாய்ப்பு வரும்” என்பர். வரட்டும். எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்தத் தகைமைக்கு என்று எழுதித் தரட்டும். ஆழ்கடற் துளைமேடையில் வேலை செய்வோர் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தேர்ந்த பணியாளர். நமக்கு மிஞ்சுவது காவற்காரன் வேலையும் சமையற்காரன் வேலையுமாயின், அதையும் முன்கூட்டியே சொல்லட்டும். மறுபுறம், சர்வதேசக் கடற்சட்டப்படி துளைமேடையைச் சுற்றி 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் விதிக்கலாம். அங்கே தோணி செல்ல முடியாது. இலாபக் கணக்கை உரத்துக் கூறுவோர் இந்த நட்டக் கணக்கை மெல்லவும் கூறுவதில்லை.

“ஊருக்கு நல்லது செய்வதை ஏன் தடுக்க வேண்டும்?” என்போர்க்கும் விடை உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கரைக்கு எத்தனை நிறுவனங்கள் வந்தன! செய்த பணியைவிட நாட்டிய பெயர்ப்பலகை நெடுநாள் நின்ற இடங்கள் பல. நல்லது செய்தாரையும் கண்டோம். படம் பிடித்துச் சென்றாரையும் கண்டோம். அந்த அனுபவத்துக்குப் பின்னும் நீர்த்தொட்டியைக் கண்டு மயங்குவோமாயின் குற்றம் தந்தவரிடம் இல்லை.

யார் கேட்பது?

இங்கே அரசியல் நுழைகிறது. 13ஆம் திருத்தத்தின் கீழ் எண்ணெய் வயல்களும் கனிய வளங்களும் பெற்றோலியமும் கொழும்புக்கு ஒதுக்கப்பட்ட நிரலிலே உள்ளன. கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரில் ஆயுள் முடிந்து, அதன் பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் கிழக்கின் சார்பிற் பேசுவதற்கு மக்கள் தெரிந்த சபை இருக்கவில்லை! இது நமக்குப் புதிதுமன்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அபிவிருத்தி என்றே வந்தது. நீர் வந்தது உண்மை. வயல் விளைந்ததும் உண்மை. குடியேற்றமும் கூடவே வந்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகம் அம்பாறையெனப் பிரிந்தது. யாரைக் கேட்டுச் செய்தனர்? அன்று கேள்வி பிந்தியது. இன்றும் பிந்தினால் பழி அயலார் மேலன்று; நம் மேலேயே.

சபை இல்லாத இடத்தில் சட்டம் சில வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும், குறித்த வகைத் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டு, மக்கள் கருத்துரைக்க 30 நாள் அவகாசம் அளிக்க வேண்டும் என விதிக்கின்றன. அந்த அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வெளிவர வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பெருந்திட்டங்கள் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே அவை பற்றிய தகவலை அமைச்சர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. முப்பது நாள்! நூற்றுக்கணக்கான பக்கங்கள்! ஒரு விவசாயி தனியே அதைப் படித்து விடை எழுத முடியுமா? முடியாது. ஆகவேதான் நம் ஊர் பெற்ற ஆசிரியர்களையும், பொறியியலாளர்களையும், சட்டத்தரணிகளையும், வைத்தியர்களையும் நோக்கிச் சொல்கிறோம்: மேடையில் மாலை வாங்குவதற்கு உங்களுக்குப் படிப்பு வேண்டியதில்லை, அந்த அறிக்கையைப் படிப்பதற்கே வேண்டும். கம்பனியின் விழாவுக்குத் தலைமை தாங்க உங்களைத் தேடி வருவர். உங்கள் பெயர் அவர்களுக்கு ஒரு முத்திரை. அந்த முத்திரையை எளிதில் குத்திக் கொடாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியவை

எந்தக் கம்பனி எந்தப் பெயரில் வந்தாலும், கோயில் சபையும், மாதர் சங்கமும், விவசாய அமைப்பும், கடற்றொழிலாளர் சங்கமும் ஒருமித்து முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது: அரசுடன் செய்த ஒப்பந்தமும் சுற்றாடல் அறிக்கையும் தமிழில், முழுமையாக, பிரதேச செயலகத்திலும் பொது நூலகத்திலும் வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது: பணி தொடங்குமுன் வாவி நீர், கிணற்று நீர், மீன்பிடி அளவு ஆகியவை கம்பனிக்குக் கட்டுப்படாத ஆய்வாளரால் அளக்கப்பட்டு, அந்தக் கணக்கு ஊரின் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது: கேடு நேர்ந்தால் வழங்குவதற்கான இழப்பீட்டுப் பணம் முற்கூட்டியே வைப்பிலிடப்பட வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளில் என்பதும் எழுதப்பட வேண்டும்.

நான்காவது: வாயு விற்ற வருவாயில் கிழக்கு மாகாணத்துக்குரிய பங்கு சட்டத்தால் நிறுவப்பட வேண்டும். பங்கு என்பது உரிமை. கொப்பியும் பென்சிலும் அதற்கு ஈடாகா.

ஐந்தாவது: இந்நான்கும் நிறைவேறும்வரை, எந்தச் சங்கமும் எந்தப் பாடசாலையும் அந்தக் கம்பனியிடமிருந்து ஒரு கொப்பியும் வாங்குவதில்லை எனத் தீர்மானிக்க வேண்டும்.

ஐந்தாவதே கடினமானது, ஐந்தாவதே உயிரானது. ஏழைப் பிள்ளைக்குக் கொப்பி வேண்டாம் என்று சொல்லும் கொடுமையை நாம் செய்யோம். அந்தக் கொப்பியை ஊரே வாங்கிக் கொடுக்கட்டும். கடல்கடந்து வாழும் நம் மக்கள் கோயிற் கோபுரத்துக்கு அள்ளிக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கு போதும். பிள்ளை எவருக்கும் கடன்படாமல் எழுதும்.

வைகாசி தோறும் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி ஆடும் நாடு இது. அரசன் வாயிலில் அவள் நின்றது கொடை கேட்டன்று. கையிற் சான்றோடு நின்று நீதி கேட்டாள். அவளைத் தெய்வமென்று கும்பிட்டுவிட்டு, கம்பனியின் வாயிலிற் கைநீட்டி நிற்பது நமக்குத் தகுமா? கடல் நம்முடையது, வாவி நம்முடையது, அவற்றின் கணக்கைக் கேட்கும் உரிமையும் நம்முடையதே. கணக்கைக் காட்டிவிட்டுக் கம்பனி வரட்டும். காட்டாது வருமாயின், அது கொண்டுவரும் மாலையையும் கொப்பியையும் அப்படியே திருப்பிக் கொண்டு செல்லட்டும்!